கண்ணாடியிழைக்குப் பின்னால் துரு

பழைய கார்வெட் காரைப் பார்க்க வரும் அனுபவசாலி, பானெட்டைத் திறப்பதற்கு முன் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். கைப்பிடியைச் சற்றே தூக்கிப் பிடித்தால்தான் பூட்டு விழுகிறதா? கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலே ஒரு அகலமும் கீழே வேறு அகலமுமாக இருக்கிறதா? கதவுத் திறப்பின் மூலைகளில் பெயிண்ட் மெல்லிய கீறலாக வெடித்திருக்கிறதா? கீல் தேய்ந்தாலும் கதவு தொங்கும் என்பதால், அடுத்ததாகக் கீலை ஆட்டிப் பார்ப்பார். கீல் இறுக்கமாக இருந்தால் அவருடைய சந்தேகம் காரின் அடிப்பக்கம் போய்விடும். உடலும் சேசிஸும் ஒன்றையொன்று தொடும் இடங்களுக்கு, அதாவது பாடி மவுண்டுகளுக்கு.

வெளியே ஒரு பொட்டுத் துருகூடத் தெரியாத காரில் துருவைத் தேடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் காரில் துரு வெளியே தெரியவே முடியாது. தகர உடல் கொண்ட கார் உள்ளுக்குள் அரித்தால், பெயிண்ட் கொப்புளம் கட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடியிழை உடலுக்கு அந்த நேர்மை கிடையாது. உள்ளே இருக்கும் எஃகு காகிதமாக மெலிந்த பிறகும் அது பளபளவென்றே நிற்கும்.

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய மோட்டோரமா கண்காட்சியில் கார்வெட் முதலில் காட்சிக்கு வந்தது. ஹார்லி ஏர்லின் வடிவமைப்புக் கூடத்தில் பிறந்த வண்டி அது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று மிச்சிகன் மாநிலம் ஃப்ளின்ட் நகரில் உற்பத்தி தொடங்கியது. அந்த ஆண்டு செய்தவை 300 வண்டிகள்தான். எல்லாமே வெள்ளை நிறம், உள்ளே சிவப்பு இருக்கைகள். உடலைக் கண்ணாடியிழையில் செய்ததற்குத் துரு பற்றிய கவலை முதல் காரணமாக இருக்கவில்லை. தகரத்தை அழுத்தி வளைக்கப் பெரிய எஃகு அச்சுகள் வேண்டும். அவற்றைச் செய்ய நிறைய பணமும் காலமும் வேண்டும். சில நூறு வண்டிகளுக்காக அந்தச் செலவு கட்டுப்படியாகாது. கண்ணாடி நூலிழைப் பாயைப் பாலியெஸ்டர் பிசினில் நனைத்து அச்சில் இறுகவிட்டால் வேலை முடிந்தது. கண்ணாடி இழையை மலிவாகவும் ஏராளமாகவும் எடுக்கும் முறையே 1930களில்தான் அமெரிக்காவில் கைகூடியிருந்தது. கேம்ஸ் ஸ்லேட்டர் என்ற பொறியாளரின் பெயர் அதோடு சேர்ந்தது. இன்று நம் கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளும் இதே குடும்பத்துப் பொருள்தான்.

துருப்பிடிக்காமை கூடவே வந்த வரம். அந்த வரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. பாலியெஸ்டரில் பதித்த கண்ணாடி இழைப் பாய், எடையில் எஃகில் ஐந்தில் ஒரு பங்கு. விறைப்பிலோ ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். இழுத்தால் உடையாது என்றாலும் எளிதில் வளையும். அதைவிடப் பெரிய பலவீனம், ஒரே புள்ளியில் விழும் சுமையை அதனால் தாங்க முடியாது. ஒரு போல்ட் துளையைச் சுற்றி முழு எடையும் திரண்டால் பிசின் நொறுங்கி, இழைகள் பிரிந்து, துளை நீள்வட்டமாகிவிடும். அதனால் எஞ்சினையும் சக்கரங்களையும் சுமக்க, ஏணி போன்ற ஓர் எஃகு சேசிஸ் கீழே தனியாக வேண்டியிருந்தது. 1963இல் வந்த இரண்டாம் தலைமுறை கார்வெட்டில் இன்னொரு எஃகு அமைப்பும் சேர்ந்தது. முன்கண்ணாடிச் சட்டம், கதவுக் கீல் தூண்கள், பூட்டுத் தூண்கள், கதவுக்குக் கீழே ஓடும் நீள் பெட்டிகள் எல்லாம் இணைந்து பயணிகள் அமரும் இடத்தைச் சுற்றி நிற்கும் கூடு அது. ஆர்வலர்கள் அதை பேர்ட்கேஜ் என்பார்கள். 1982 வரை ஓடிய மூன்றாம் தலைமுறையிலும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. கண்ணாடியிழைத் தகடுகளை இந்தக் கூட்டின் மேல் ரிவெட் அடித்தும் பசையிட்டும் ஒட்டினார்கள். கூடு முழுவதும் சேசிஸின் மேல், கூப்பே ரக வண்டியில் பக்கத்துக்கு நான்காக, பாடி மவுண்டுகளில் அமர்ந்தது.

ஒரு மவுண்ட் என்பது பார்வைக்கு எளிமையானது. உடல் பக்கம் ஒரு எஃகுத் தகடு, சேசிஸ் பக்கம் ஒரு தாங்கி, நடுவே ஒரு மெத்தை, ஊடே ஒரு போல்ட். 1973 மாடலில் இருந்து அந்த மெத்தை ரப்பரானது; சாலை அதிர்வு உள்ளே வருவது குறைந்தது. மெத்தையோடு சில மெல்லிய உலோக வில்லைகளும் இருக்கும். ஷிம் என்று பட்டறையில் சொல்வது இவற்றைத்தான். வெல்டிங்கில் உருவான சேசிஸ் எதுவும் அச்சு அசலாக ஒரே மட்டத்தில் அமையாது, ஓரிரு மில்லிமீட்டர் அங்குமிங்கும் விலகும். அந்த விலகலை ஷிம்கள் நிரப்புகின்றன. ஃப்ளின்ட்டுக்குப் பிறகு கார்வெட் உற்பத்தியான செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில் எந்த மவுண்டுக்கு எத்தனை ஷிம் என்று சேசிஸின் மேலேயே மெழுகுச் சாக்கால் எழுதிவைப்பார்கள். ஐம்பது ஆண்டு அழுக்கைத் துடைத்தால் அந்த எண் சில வண்டிகளில் இன்றும் தெரிகிறது. துடைப்பதற்கு முன் புகைப்படம் எடுத்துவைப்பது நல்லது. அந்த ஒரு வண்டிக்கே உரிய அளவுக் குறிப்பு அது.

இனி துருவுக்கு வருவோம். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்தோம். இது உண்மை என்றாலும் மவுண்டை விளங்கிக்கொள்ளப் போதாது. இன்னும் ஒரு படி போக வேண்டும். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யூலிக் எவன்ஸ் 1920களில் செய்துகாட்டிய பரிசோதனையை எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் திரும்பச் செய்யலாம். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள் கலந்திருக்கும்: இரும்பு கரையும் இடத்தில் நீலம் காட்ட பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பு காட்ட ஃபினால்ஃப்தலீன். முதலில் நீலமும் சிவப்பும் அங்கங்கே புள்ளிகளாகத் தோன்றும். சற்று நேரத்தில் ஒழுங்கு பிறக்கும். சொட்டின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே பழுப்பு வளையமாகத் துரு படியத் தொடங்கும்.

நடந்தது இதுதான். சொட்டின் விளிம்பில் நீர் மெல்லியது, காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக வந்து சேர்கிறது. நடுவில் நீர் ஆழமானது, ஆக்சிஜன் குறைவு. ஒரே தகடு, ஒரே நீர். ஆனால் ஆக்சிஜன் வேறுபாடு போதும், ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடுகிறது. நடுவில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலக்ட்ரான்கள் தகடு வழியாக விளிம்புக்கு ஓட, அங்கே ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. ஆக, ஆக்சிஜன் நிறைய இருக்கும் இடம் தப்பிக்கிறது, ஆக்சிஜன் எட்டாத இடமே அரிக்கப்படுகிறது. நம் உள்ளுணர்வு சொல்வதற்கு நேர்மாறான விடை இது. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் வாசகர் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன். பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு வேலையும் இதிலிருந்தே வருகிறது.

பாடி மவுண்டை இப்போது பாருங்கள். எஃகுத் தகட்டுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு முடியிழை அளவு சந்து. ஷிம்முக்கும் ஷிம்முக்கும் நடுவே இன்னொன்று. போல்ட்டைச் சுற்றி மற்றொன்று. நீர் தந்துகி விசையால் உள்ளே ஏறிவிடும், காற்று ஏறாது. சந்தின் ஆழத்தில் கரையும் இரும்பு அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தன்மையை உண்டாக்குகின்றன. அவற்றின் நேர்மின்னூட்டம் வெளியிலிருந்து குளோரைடை உள்ளே இழுக்கிறது. அமிலமும் குளோரைடும் சேர்ந்தால் அரிப்பு தன்னைத் தானே விரைவுபடுத்திக்கொள்ளும். துருவின் கன அளவும் சாதாரணமானதல்ல. அது உண்டாகும் விதத்தைப் பொறுத்து, கரைந்த இரும்பைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கோயில் மதிலில் விழுந்த ஆலம் வித்து வேர் பருத்துக் கல்லைப் பிளப்பதுபோல, அடுக்கடுக்காகப் பெருகும் துரு தகடுகளைப் பிரித்து, பசையை உரித்து, ரிவெட்டின் தலையைப் பிடுங்கிவிடும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கீழிருந்து தெறிப்பது பாதி. அதைவிட மோசமானது மேலிருந்து கசிவது. முன்கண்ணாடியின் அடைப்பு வயதாகிச் சுருங்கினால், மழைநீர் முன்கண்ணாடிச் சட்டத்தின் மூலைக்குள் புகும். அங்கிருந்து உள்கூடான கீல் தூண் வழியாக இறங்கி, தூணின் அடியில் நிற்கும். அந்த அடிப்பகுதியில்தான் ஒரு மவுண்ட் இருக்கிறது. ஓட்டுநரின் கால் பக்கத்துப் பலகையைக் கழற்றினால் அதைப் பார்க்கலாம். மரத்தடியில் நின்ற வண்டியில் மக்கிய இலைகள் ஈரமாகத் திரண்டு கிடக்கும். இன்னொரு கெட்ட பெயர் எடுத்த இடம் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள மவுண்ட். சக்கரம் வீசும் சேறும் உப்பும் நேராக அங்கே போய்ச் சேருகின்றன. சேசிஸும் அதே பகுதியில்தான் மேல்நோக்கி வளைகிறது. வளைவில் அழுக்கு தங்கும்.

உப்பு என்றது சாலை உப்பை. வட அமெரிக்காவின் பனி மாநிலங்களில் 1940களில் இருந்து சாலையில் உப்பு கொட்டும் பழக்கம் பரவியது. டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே, 1,000 அடிக்கும் கீழே, பெரிய உப்புச் சுரங்கம் இயங்குகிறது. கார்களைப் பெற்ற நகரமே அவற்றை அரிக்கும் பொருளையும் தோண்டி எடுக்கிறது. உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது, அதனால் சாலை வழுக்காது. ஆனால் அதே உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே ஈரத்தை உறிஞ்சித் தானே கரைசலாகிவிடும். கோடையில் கொட்டகையில் நிற்கும் வண்டியின் மவுண்டும் அரித்துக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம்.

பழுதுபார்ப்பது என்றால் தகட்டை மாற்றுவது என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில் தகடு இரண்டாவது வேலை. முதல் வேலை அளவு. மவுண்ட் அரித்த வண்டியின் உடல் ஏற்கெனவே தொய்ந்திருக்கும். அந்த நிலையிலேயே புதுத் தகட்டை வெல்டிங் செய்தால், தொய்வு நிரந்தரமாகிவிடும். ஆகவே கதவைச் சுற்றியுள்ள இடைவெளிகளை எல்லாப் பக்கமும் அளந்து எழுத வேண்டும். கதவு சரியாக மூட வேண்டும் என்பதற்காகக் கீலை நகர்த்திச் சரிசெய்துவிடும் பட்டறைகள் உண்டு. நோயை விட்டுவிட்டு அடையாளத்தை அழிக்கும் வேலை அது. அடுத்து பார்க்கிறவருக்கு இருந்த ஒரே தடயமும் போய்விடும்.

உடலைத் தூக்கும்போது ஜாக்கியைக் கண்ணாடியிழைத் தரையில் நேரடியாக வைக்கக் கூடாது. புள்ளிச் சுமை பற்றி மேலே சொன்னது இங்கே பழிவாங்கும். கதவுக்குக் கீழே ஓடும் நீள் பெட்டியின் அடியில், நீளமான தடித்த மரச் சட்டத்தைக் கொடுத்து, அதன் மேல்தான் சுமையை ஏற்ற வேண்டும். கூரையில்லாத வண்டியானால் கதவுத் திறப்பின் குறுக்கே ஓர் எஃகுக் குழாயைப் பிணைத்துவிடுவது அவசியம். இல்லையெனில் தூக்கும்போதே உடல் நடுவில் மடங்கும். ஒரு மூலையை மட்டும் தூக்கினாலும் முறுக்கு ஏறும். எல்லா மவுண்ட் போல்ட்டுகளையும் தளர்த்தி, ஸ்டியரிங் தண்டின் இணைப்பு, பிரேக் குழாய்கள், கேபிள்கள் எதுவும் இழுபடவில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் உயர்த்த வேண்டும்.

போல்ட் சுலபத்தில் வராது. சில மவுண்டுகளில் நட்டு ஒரு தகரக் கூட்டுக்குள் சிறைப்பட்டிருக்கும். கூடு துருவேறி உடைந்தால் நட்டும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். வழக்கமான பட்டறையில் இந்த நிலையில் கை தானாக கேஸ் டார்ச்சுக்குப் போகும். இங்கே அது கூடாது. பாலியெஸ்டர் பிசின் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே விறைப்பை இழக்கத் தொடங்கும். இன்னும் சூடானால் எரியும், கறுத்த நச்சுப்புகை கக்கும். துரு இளக்கும் எண்ணெயைச் சில நாட்கள் விட்டுவிட்டு ஊறவைப்பது, பிறகு போல்ட்டை முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைப்பது, அதற்கும் மசியாவிட்டால் தலையை கிரைண்டரால் அறுத்துவிடுவது: இதுதான் வரிசை. அறுபட்ட போல்ட்டை மாற்றிக்கொள்ளலாம், வெந்துபோன கண்ணாடியிழையை மாற்றுவது பெரும்பாடு.

அரித்த தகட்டை எவ்வளவு வெட்டுவது? ஸ்குரு டிரைவர் முனையால் குத்திப் பார்த்து, மணியோசைபோல் கணீரென்று ஒலிக்கும் இரும்பு வரும்வரை. அதற்கும் ஒரு விரல்கடை உள்ளே போய் வெட்டுவது என் பரிந்துரை. இங்கே பெரும் சபலம் ஒன்று காத்திருக்கிறது: துருவின் மேலேயே ஒரு புதுத் தகட்டை வைத்து ஓரத்தில் வெல்டிங் செய்துவிடுவது. பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் பழைய தகட்டுக்கும் புதுத் தகட்டுக்கும் நடுவே காற்று புகாத ஈரச் சந்து ஒன்று உருவாகிவிட்டது. எவன்ஸின் சொட்டின் நடுப்பகுதியை நாமே கட்டிக்கொடுத்திருக்கிறோம். சில குளிர்காலங்களில் இரண்டு தகடும் சேர்ந்தே போகும். விளிம்போடு விளிம்பு பொருத்தி வெல்டிங் செய்வது கடினம், ஆனால் சந்து விடாது. ஒன்றன்மேல் ஒன்று வைத்தே தீர வேண்டிய இடத்தில், நடுவே துத்தநாகம் கலந்த, வெல்டிங் தாங்கும் பிரைமரைப் பூச வேண்டும்.

தகட்டின் தடிமனும் பழையதே இருக்கட்டும். இரட்டைத் தடிமன் போட்டால் இரட்டை வலிமை என்ற கணக்கு இங்கே பொய்க்கும். விறைப்பான தகடு வளைய மறுக்க, அது முடியும் விளிம்பில் கண்ணாடியிழை முழு வளைவையும் ஏற்றுக்கொண்டு அங்கே வெடிக்கும். பழைய தகடு மெல்ல வளைந்து சுமையைப் பரப்பியது.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பின்பக்க மவுண்ட் என்றால் பெட்ரோல் டாங்கையும். அது பின் அச்சுக்குப் பின்னால் மிக அருகில் இருக்கிறது. கண்ணாடியிழையை எஃகிலிருந்து எவ்வளவு தூரம் விலக்க முடியுமோ விலக்கி, ஈரத்துணியைத் திணித்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தையல்களாக வெல்டிங் செய்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் கையால் தொடும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். பக்கத்தில் தீயணைப்பானோடு இன்னொருவர் நிற்பது கட்டாயம். பிசின் சில நேரம் உள்ளே கனன்று, வெல்டிங் முடிந்த பிறகே தீப்பற்றும்.

விலக்கிய கண்ணாடியிழையைத் திரும்ப ஒட்டும் வேலையும் வேதியியல்தான். பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது கன அளவில் 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்கும். எஃகை அது பிடித்திருக்கும் பிடி பலவீனம். சுருங்கும்போதே உரிந்து சந்தை உண்டாக்கும். எப்பாக்ஸி குறைவாகச் சுருங்கும், எஃகை நன்றாகப் பற்றும். மேலும் 1970களின் முற்பகுதியிலிருந்து கார்வெட் தகடுகளில் பயன்பட்ட கலவையில், அச்சில் ஒட்டாமல் இருக்கச் சேர்த்த பொருள்கள் உள்ளேயே கலந்திருக்கின்றன. அதன் மேல் சாதாரண பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது. ஆகவே எஃகு சேரும் இடங்களில் எப்பாக்ஸியே என் தேர்வு. வெடிப்பைச் சரிசெய்யும்போது ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குப் பத்து மில்லிமீட்டருக்குக் குறையாத நீளத்தில் சரிவாகத் தேய்த்துப் புதுப் பாயைப் பதிக்க வேண்டும். சரிவு நீளமானால்தான் சுமை பழைய இழையிலிருந்து புது இழைக்குச் சிறுகச் சிறுக மாறும். கண்ணாடித் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல், நல்ல முகமூடி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பூச்சு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: சுத்தமான எஃகின் மேல் எப்பாக்ஸி பிரைமர், அதன் மேல் பெயிண்ட், கைபோகாத உள்கூடுகளில் குழாய் வைத்துப் பீய்ச்சிய மெழுகு. நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் இதைவிட முழுமையான விடைக்குப் போனது. 1962இல் வந்த அதன் எலான் காரிலும் கண்ணாடியிழை உடல், கீழே முதுகெலும்புபோன்ற எஃகு சேசிஸ். அந்த சேசிஸ்கள் அரித்த அனுபவத்துக்குப் பின், 1980 முதல் எஸ்பிரிட் முதலான கார்களில் சேசிஸை ஏறத்தாழ 450 டிகிரி உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தார்கள். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலக்ட்ரானை விடும். பூச்சு கீறினாலும் முதலில் கரைவது துத்தநாகமே. உடலைத் தனியாகக் கழற்ற வாய்ப்புள்ள கார்வெட் உரிமையாளர் அந்தச் சந்தர்ப்பத்தில் சேசிஸை இப்படி முக்கி எடுத்துவிடலாம். கண்ணாடியிழை ஒட்டியிருக்கும் கூட்டுக்கு அந்தச் சூடு ஆகாது. அதற்குப் பிரைமரும் மெழுகும்தான்.

கடைசியாக ஷிம். பழைய எண்ணிக்கையில் தொடங்கி, எல்லாப் போல்ட்டுகளையும் பாதி இறுக்கத்தில் வைத்து, கதவு இடைவெளியை எழுதிவைத்த அளவோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு ஷிம்மாகக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். சேசிஸே தொய்ந்திருந்தால் தொழிற்சாலை எழுதிய எண் இனிப் பொருந்தாது. அப்போது அந்த மெழுகு எழுத்தைவிடக் கதவையே நம்பலாம். அளவு கிடைத்த பின் உற்பத்தியாளர் கையேட்டில் உள்ள இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். புது ரப்பர் மெத்தை முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் சற்றே அமுங்கும். அதன் பிறகு ஒருமுறை போல்ட்டுகளைத் திரும்ப முடுக்கி, கதவு இடைவெளியை மீண்டும் அளந்து, அந்த அளவைப் புதுத் தேதியோடு எழுதிவைக்க வேண்டும்.